பாதியில் தாழ்ந்த கோல்: புச்சினியின் கடைசி ஓப்பரா பிறந்த கதை

1926ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இத்தாலி நாட்டின் மிலான் நகரில் உள்ள லா ஸ்காலா அரங்கில் ஒரு புதிய ஓப்பரா அரங்கேறிக்கொண்டிருந்தது. இரண்டு அங்கங்கள் முடிந்து மூன்றாம் அங்கம் நடக்கிறது. மேடையில் ஓர் அடிமைப்பெண் இறந்து கிடக்கிறாள். அவளது உடலைச் சுமந்தபடி ஊரார் மெல்ல நகர்கிறார்கள். இசை மெலிந்து மெலிந்து அடங்குகிறது.

அப்போது இசைக்குழுவை வழிநடத்திக்கொண்டிருந்தவர் தமது கையிலிருந்த கோலைக் கீழே வைத்தார். ரசிகர்கள் பக்கம் திரும்பினார். இந்த நாடகம் இங்கேயே முடிகிறது, இந்த இடத்தில்தான் இதை எழுதியவர் இறந்துபோனார் என்ற பொருளில் சில சொற்கள் சொன்னார். திரை மெதுவாக இறங்கியது.

கதை முடியவில்லை. இளவரசனும் இளவரசியும் என்ன ஆனார்கள் என்று அன்றிரவு யாருக்கும் காட்டப்படவில்லை. கட்டணம் செலுத்தி வந்தவர்களைப் பாதிக் கதையோடு வீட்டுக்கு அனுப்பிய அரங்கேற்றம் அது.

ஏன் இப்படி? எழுதியவருக்கு ஆயுள் போதவில்லை என்பது ஒரு பதில். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. அந்தக் கடைசிக் காட்சி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் 1924 மார்ச் மாதத்திலேயே முடித்துவிட்டார். இறந்ததோ நவம்பர் மாத இறுதியில். இடையில் இருந்த மாதங்களில் ஒரே ஒரு காட்சியை அவரால் ஏன் முடிக்க முடியவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், ஒரு கலைஞனின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதே புலப்படும்.

யார் இந்த புச்சினி?

ஓப்பரா என்பது மேற்கத்திய இசை நாடகம். அதில் பேச்சும் பாட்டாகவே வரும். பாடகர்கள் ஒலிபெருக்கியின் துணை இல்லாமல், பெரிய இசைக்குழுவின் ஓசைக்கு மேலாகத் தங்கள் குரலை அரங்கின் கடைசி வரிசைவரை எட்டச் செய்ய வேண்டும். நாடகத்தின் வரிகளை எழுதுபவர் ஒருவர். அதற்கு இசை எழுதுபவர் மற்றொருவர். ஆனால் பெயரும் புகழும் பெரும்பாலும் இசையமைப்பாளருக்கே சேரும்.

ஜாக்கொமோ புச்சினி 1858ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இத்தாலியின் லூக்கா நகரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகத் தேவாலய இசைப் பணியில் இருந்த குடும்பம். ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தவர். குடும்பத் தொழில் அவரையும் தேவாலயத்துக்கே அழைத்தது. ஆனால் அவரது நாட்டம் மேடைப் பக்கம் திரும்பியது. 1896இல் 'லா போஎம்', 1900இல் 'டோஸ்கா', 1904இல் 'மடாம் பட்டர்ஃபிளை' என்று அடுத்தடுத்து வந்த படைப்புகள் அவரை உலகப் புகழ் பெற்றவராக்கின.

புகழ் இருந்தாலும் சறுக்கலும் இருந்தது. 'மடாம் பட்டர்ஃபிளை' முதன்முதலில் இதே லா ஸ்காலா அரங்கில்தான் மேடையேறியது. கூச்சலும் கேலியுமாக ரசிகர்கள் அதைக் கவிழ்த்தார்கள். புச்சினி அதைத் திரும்ப எடுத்து, திருத்தி, மூன்றே மாதங்களில் பிரேஷியா என்ற நகரில் வெற்றி பெற வைத்தார். திருத்துவதற்கு அவர் அஞ்சியதே இல்லை. தமக்குத் திருப்தி ஏற்படாத ஒன்றை மேடைக்கு அனுப்பவும் மனம் வராது. இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை எளிதில் விளங்கும்.

மூன்று விடுகதைகள்

1920ஆம் ஆண்டு. புச்சினிக்கு வயது 61. அடுத்து என்ன எழுதுவது என்று கதை தேடிக்கொண்டிருந்தார். மிலான் நகரில் ஜுசெப்பே அடாமி, ரெனாட்டோ சிமோனி என்ற இரு எழுத்தாளர்களைச் சந்தித்தபோது 'துரன்டோட்' என்ற கதை பேச்சில் வந்தது. வெனிஸ் நகர நாடக ஆசிரியர் கார்லோ கோட்ஸி 1762இல் மேடையேற்றிய கதை அது. அதன் வேர் இன்னும் பழையது. 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிஜாமியின் காவியத்திலேயே விடுகதை போடும் இளவரசி ஒருத்தி வருகிறாள்.

கதை இதுதான். பீக்கிங் நகரின் இளவரசி துரன்டோட். பேரழகி, ஆனால் கல்நெஞ்சக்காரி. அவளை மணக்க வருகிறவர்கள் மூன்று விடுகதைகளை அவிழ்க்க வேண்டும். தவறினால் தலை போகும். பாரசீக இளவரசன் ஒருவனின் தலை போவதோடுதான் நாடகமே தொடங்குகிறது. ஏன் இந்தக் கொடுமை? நெடுங்காலத்துக்கு முன்பு அவளது மூதாதைப் பெண் ஒருத்தியை அந்நிய நாட்டான் ஒருவன் சீரழித்துக் கொன்றானாம். அதற்குப் பழிவாங்கவே எந்த ஆணும் தன்னைத் தீண்டக் கூடாது என்று அவள் உறுதி பூண்டிருக்கிறாள்.

நாடு இழந்து ஊர் ஊராக அலையும் இளவரசன் கலாஃப் அவளைக் காண்கிறான், மயங்குகிறான். பார்வை இழந்த தந்தை தீமூர் தடுக்கிறார். அவரைக் கைப்பிடித்து அழைத்துவரும் அடிமைப்பெண் லியூ அழுது தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை. மூன்று விடுகதைகளையும் அவிழ்த்துவிடுகிறான்.

வென்ற பிறகும் இளவரசி மணக்க மறுக்கிறாள். கலாஃப் அவளுக்கு ஒரு வாய்ப்பு தருகிறான். 'விடிவதற்குள் என் பெயரைக் கண்டுபிடி. கண்டுபிடித்தால் என் உயிரை எடுத்துக்கொள்' என்கிறான். பெயர் தெரியும்வரை நகரில் ஒருவரும் உறங்கக் கூடாது என்று இளவரசி ஆணையிடுகிறாள். உலகமே அறிந்த 'நெசுன் டோர்மா' பாடல் இந்த இடத்தில் வருவதுதான். 'யாரும் உறங்கக் கூடாது' என்பது அந்தத் தலைப்பின் பொருள்.

காவலர்கள் லியூவைப் பிடித்து வதைக்கிறார்கள். பெயர் தனக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லி முதியவரைக் காப்பாற்றும் அவள், அந்தப் பெயரைச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சத்தில் குத்துவாளைப் பறித்துத் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். ஒரு நாள் அரண்மனையில் கலாஃப் தன்னைப் பார்த்துப் புன்னகைத்தான் என்பது ஒன்றே அவள் கொண்ட காதலுக்குக் காரணம்.

அதன் பிறகு? கலாஃப் இளவரசியை முத்தமிட, அவள் நெஞ்சு உருகி, காதல் வென்றது என்று ஊரே கொண்டாட வேண்டும். இந்தக் கடைசிக் காட்சிதான் சிக்கலாகிப் போனது.

இசைப்பெட்டியில் வந்த மல்லிகை

புச்சினி சீனாவுக்குப் போனதே இல்லை. ஆனால் சீனத்து இசையின் சாயல் வேண்டும் என்று விரும்பினார். சீனாவில் தூதரகப் பணியில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவரிடம் சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் சீன மெட்டுகள் சில பதிவாகியிருந்தன. புச்சினி அவற்றை உன்னிப்பாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அப்படி நாடகத்துக்குள் வந்த மெட்டுகளில் மிகவும் அறியப்பட்டது 'மோ லி ஹுவா'. மல்லிகைப்பூ என்பது அதன் பொருள். சீனச் சமூகத்தோடு அக்கம்பக்கமாக வாழும் நம்மவர்கள் பலரின் காதிலும் ஒருமுறையாவது விழுந்திருக்கக்கூடிய பாட்டுதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதக்கம் வழங்கும்போதெல்லாம் ஒலித்த மெட்டும் இதுவே. நாடகத்தில் இதை முதலில் சிறுவர்கள் கூட்டமாகப் பாடுகிறார்கள். பிறகு இளவரசி துரன்டோட்டின் அடையாள மெட்டாகவே அது திரும்பத் திரும்ப வருகிறது. மென்மையான மல்லிகைப் பாட்டைக் கொடுமைக்கார இளவரசிக்குத் தந்ததில் ஒரு குறிப்பு இருக்கிறது. அவளுக்குள்ளும் ஈரம் உண்டு என்று இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இசைக்குழுவில் சுருதி சேர்த்த சீன கோங்குகளையும் புச்சினி சேர்த்தார். பின்னணி ஓவியங்களுக்குத் தம் நண்பர் கலிலியோ சீனியை நாடினார். நமது வட்டாரத்தோடு தொடர்புடையவர் இவர். சயாம் மன்னரின் அழைப்பில் பாங்காக் சென்று, 1911 முதல் 1913 வரை அங்குள்ள அனந்த சமாகம் அரியணை மண்டபத்தின் விதானங்களில் ஓவியம் தீட்டியவர். ஆசிய அரண்மனை ஒன்றைக் கண்ணால் கண்ட கைதான் மிலான் மேடையில் பீக்கிங் அரண்மனையை எழுப்பியது.

கதையில் இல்லாத பெண்

இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் கவனிக்க வேண்டும். கோட்ஸியின் பழைய நாடகத்தில் லியூ என்ற பாத்திரமே கிடையாது. அங்கே வரும் அடிமைப்பெண், தானும் இளவரசியாகப் பிறந்து பொறாமையில் வெந்து கொண்டிருப்பவள். அவளுக்குப் பதிலாக, எதையும் எதிர்பாராமல் அன்பு செலுத்தும் ஓர் ஏழைப்பெண்ணை புச்சினியும் அவருடைய எழுத்தாளர்களும் புதிதாகப் படைத்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு வீட்டுத் துயரம் இருக்கிறது என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். புச்சினியின் வீட்டில் டோரியா மன்ஃப்ரெடி என்ற இளம்பெண் வேலை செய்துவந்தாள். கணவரோடு அவளுக்குத் தொடர்பு இருப்பதாகச் சந்தேகித்த மனைவி எல்விரா, ஊரறிய அவளைப் பழித்துத் துரத்தினார். 1909ஆம் ஆண்டு ஜனவரியில் டோரியா தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். பிணப் பரிசோதனை அவள் களங்கமற்றவள் என்று காட்டியது. வழக்கு நீதிமன்றம் சென்றது. எல்விராவுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் டோரியாவின் குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்து வழக்கு சமரசமானது. ஆனால் போன உயிர் திரும்பவில்லை.

பிறர் பொருட்டு வாய் திறவாமல் உயிர்விடும் லியூவின் முகத்தில் டோரியாவின் சாயல் தெரிகிறது என்பது வெறும் ஊகமாகவே இருக்கட்டும். லியூவுக்கு புச்சினி கொடுத்த இடம் ஊகம் அல்ல. அவள் இறக்குமுன் பாடும் பாட்டுக்கு எழுத்தாளர்களின் வரிகள் வந்து சேரும்வரை அவர் காத்திருக்கவில்லை. வரிகளையும் தாமே எழுதிவிட்டார். மெட்டும் அவருடையது, சொல்லும் அவருடையது. லியூவின் சாவு அவருக்குத் தங்குதடையின்றி வந்தது.

அவிழாத முடிச்சு

அதற்குப் பிறகுதான் பேனா நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கதையை மனத்தில் ஓட்டிப் பார்த்தாலே போதும்.

இளவரசனைக் காப்பாற்ற ஒரு பெண் அவன் கண்ணெதிரே உயிரை விடுகிறாள். அவள் சாவுக்குக் காரணமானவள் எதிரே நிற்கிறாள். உடலை எடுத்துச் சென்ற ஈரம் காயுமுன் அந்த இளவரசன், காரணமானவளைக் கட்டி அணைத்து முத்தமிட வேண்டும். பார்ப்பவர்கள் அதைக் கண்டு கைதட்ட வேண்டும். எந்த மனம் ஒப்பும்? லியூ இல்லாத பழைய கதையில் இந்தச் சங்கடம் இல்லை. லியூவைப் படைத்து, அவளுக்கே நெஞ்சை உருக்கும் இசையையும் கொடுத்ததால், தமது நாடகத்தின் முடிவைத் தாமே கடினமாக்கிக்கொண்டார் புச்சினி.

அவருக்கு இது தெரியாமல் இல்லை. கடைசியில் வரும் காதலர் இருவரின் பாட்டுதான் நாடகத்தின் உச்சம் என்று எழுத்தாளர்களுக்குக் கடிதமேல் கடிதம் எழுதினார். பனிக்கட்டி போன்ற ஒருத்தி நம் கண்முன் பெண்ணாக மாற வேண்டும். அந்த மாற்றம் நம்பும்படி இருக்க வேண்டும் என்பதே அவரது கவலை. வரிகள் வந்தன, பிடிக்கவில்லை. மாற்றி எழுதச் சொன்னார். மீண்டும் வந்தன, மீண்டும் பிடிக்கவில்லை. மாதங்கள் ஓடின. 1924 அக்டோபரில்தான் ஒருவழியாக மனத்துக்கு ஒத்த வரிகள் கைக்கு வந்தன.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல, அந்த நேரம் பார்த்து உடம்பு கைவிட்டது.

பிரஸ்ஸல்ஸ் பயணம்

புச்சினி ஓயாமல் புகைப்பவர். 1924ஆம் ஆண்டு முழுவதும் தொண்டை வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இலையுதிர் காலத்தில் நிபுணர்கள் சோதித்தபோது தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. மகன் டோனியோவிடம் உண்மை சொல்லப்பட்டது, நோயாளியிடம் மறைக்கப்பட்டது.

ரேடியம் கொண்டு சிகிச்சை அளிப்பது அப்போது புதிய முறை. அதற்காக நவம்பர் 4ஆம் நாள் பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்சுக்குப் புறப்பட்டார். பெட்டியில் துணிமணிகளோடு கடைசிக் காட்சிக்கான குறிப்புத் தாள்களும் இருந்தன. மருத்துவமனைப் படுக்கையிலாவது முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை.

நவம்பர் 24ஆம் நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது. தொண்டைக்குள் ரேடியம் ஊசிகள் வைக்கப்பட்டன. பேச முடியாது; சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டினார். சிகிச்சை பலன் தருவதுபோல் தெரிந்த நிலையில் இருதயம் தளர்ந்தது. 1924 நவம்பர் 29ஆம் நாள், 65 வயதில், அவர் உயிர் பிரிந்தது.

அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் 23 தாள்களில் இருந்தன. அவசரக் கையெழுத்து, அடித்தல் திருத்தல், இணைப்பே தெரியாத இசைத் துணுக்குகள். ஓர் இடத்தில் 'பிறகு டிரிஸ்டன்' என்று எழுதியிருந்தார். ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் புகழ்பெற்ற காதல் நாடகத்தின் பெயர் அது. அதைப் போல ஒன்று இங்கே வர வேண்டும் என்று நினைத்தாரா, வேறு பொருள் உண்டா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது.

எழுதி முடித்தது யார்?

குறையாக நிற்கும் வேலையை முடிக்கும் பொறுப்பு இருவர் தலையில் விழுந்தது. ஒன்று, இசையை வெளியிடும் உரிமை பெற்ற ரிக்கோர்டி நிறுவனம். மற்றொருவர், லா ஸ்காலாவின் இசைத் தலைவர் ஆர்ட்டுரோ டோஸ்கனினி.

டோஸ்கனினிக்கும் புச்சினிக்கும் முப்பது ஆண்டு உறவு. 1896இல் 'லா போஎம்' அரங்கேறியபோது இசைக்குழுவை வழிநடத்தியவரும் இவரே. நட்பு ஒரு நாள், பிணக்கு மறுநாள் என்று ஓடிய உறவு அது. சுவையான கதை ஒன்று சொல்லப்படுவதுண்டு. கிறிஸ்துமசுக்கு நண்பர்களுக்குக் கேக் அனுப்பும் வழக்கமுடைய புச்சினி, தாங்கள் சண்டையில் இருப்பதை மறந்து டோஸ்கனினிக்கும் அனுப்பிவிட்டாராம். 'கேக் தவறுதலாக அனுப்பப்பட்டது' என்று பின்னாலேயே தந்தி அடித்தார். 'கேக் தவறுதலாகச் சாப்பிடப்பட்டது' என்று பதில் தந்தி வந்ததாம். எப்படியோ, 1924இல் இருவரும் சமாதானமானார்கள். எழுதியவரை புச்சினி பியானோவில் வாசித்துக் காட்டினார். 'என் துரன்டோட்டைச் சாகவிடாதே' என்று அவர் நண்பரிடம் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

நாடகத்தை முடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிராங்கோ அல்ஃபானோ. அவரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் நமக்குச் சுவையானது. 1921இல் அவர் 'சகுந்தலையின் கதை' என்ற ஓப்பராவை எழுதிப் பாராட்டுப் பெற்றிருந்தார். ஆம், காளிதாசரின் அதே சகுந்தலைதான். கீழைநாட்டுக் கதைக்கு இசை எழுதத் தெரிந்தவர் என்ற பெயர் அதனால் அவருக்குக் கிடைத்திருந்தது.

அல்ஃபானோவின் நிலையை எண்ணிப் பாருங்கள். எழுத வேண்டியது அடுத்தவர் நாடகம். கையில் இருப்பது புரியாத குறிப்புகள். சொந்தமாக எழுதினால் 'இது புச்சினி அல்ல' என்பார்கள். குறிப்பை மட்டும் ஒட்டினால் காட்சி நிற்காது. அவர் எழுதிக் கொடுத்தார். அவருடைய சொந்தச் சரக்கு அதிகம் கலந்துவிட்டது என்று டோஸ்கனினி முகம் சுளித்தார். நூறுக்கும் அதிகமான தாள அளவுகளை வெட்டச் செய்தார். உலக அரங்குகளில் இன்றும் பெரும்பாலும் இசைக்கப்படுவது இந்த வெட்டுப்பட்ட வடிவமே. அல்ஃபானோ முதலில் எழுதிய முழு வடிவத்தை ரசிகர்கள் கேட்பதற்கு 1982ஆம் ஆண்டு லண்டன் கச்சேரிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இரவு

ஆக, 1926 ஏப்ரல் 25 அன்று முடிவு கைவசம் இருந்தது. பாடகர்களும் தயாராக இருந்தார்கள். துரன்டோட்டாக ரோசா ரைசா, கலாஃபாக மிகெல் ஃபிளேட்டா, லியூவாக மரியா சம்போனி.

அப்போது இத்தாலியை ஆண்டவர் முசோலினி. அவர் வந்தால் பாசிசக் கட்சிப் பாடலை இசைக்க வேண்டும் என்ற நெருக்குதல் வந்தது. டோஸ்கனினி மறுத்துவிட்டார். முசோலினி வரவில்லை. அன்றைய இரவு ஆட்சியாளருக்கு உரியது அல்ல, இறந்தவருக்கு உரியது என்று டோஸ்கனினி கருதினார் போலும்.

லியூவின் இறுதி ஊர்வலம் கடந்தது. கோல் தாழ்ந்தது. டோஸ்கனினி அன்று சொன்ன சொற்களைக் கேட்டவர்கள் பலவிதமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள், பொருள் ஒன்றுதான். புச்சினியே ஒருமுறை, 'நாடகம் பாதியில் நிற்கும். யாரோ ஒருவர் மேடைக்கு வந்து, இந்த இடத்தில் இசையமைப்பாளர் இறந்தார் என்று சொல்வார்' எனப் பேசியதாகவும் ஒரு செய்தி உண்டு. அது உண்மையானால், நண்பர் அந்த வாக்கை நிறைவேற்றினார் என்றே கொள்ள வேண்டும். சிறிது நேர அமைதிக்குப் பிறகு அரங்கில் இருந்து 'வாழ்க புச்சினி' என்ற குரல் எழுந்தது.

பிந்திய காட்சிகளில் அல்ஃபானோவின் முடிவு சேர்க்கப்பட்டது. நாடகம் 'முழுமை' பெற்றது. ஆனால் ஊர் உலகம் நினைவில் வைத்திருப்பது முடிவில்லாமல் நின்ற அந்த முதல் இரவைத்தான்.

இன்னும் எழுதுகிறார்கள்

முடிச்சு அதன்பிறகும் அவிழவில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ அதே குறிப்புகளை எடுத்துப் புதிய முடிவு எழுதினார். 2002இல் அது ஒலித்தது. கொண்டாட்ட முழக்கம் இல்லை. அமைதியாக, கேள்விக்குறியோடு முடிகிறது. 2008இல் பெய்ஜிங்கில் சீன இசையமைப்பாளர் ஹாவ் வெய்யாவின் முடிவு அரங்கேறியது. 2024ஆம் ஆண்டு, புச்சினி மறைந்த நூறாவது ஆண்டில், வாஷிங்டனில் கிறிஸ்டபர் டின் எழுதிய முடிவு மேடை கண்டது. நாலு பேர் நாலு விதமாக முடித்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் மல்லுக்கட்டியது ஒரே கேள்வியோடுதான்: லியூவின் சாவுக்குப் பிறகு எப்படி மகிழ்வது?

இதற்கிடையில் அந்த நாடகத்தின் ஒரு பாட்டு தனியே உலகைச் சுற்றி வந்தது. இந்தியாவில் பிறந்த சுபின் மேத்தா இசைக்குழுவை வழிநடத்த, 1972இல் பதிவான இசைத்தட்டில் 'நெசுன் டோர்மா'வைப் பாடியவர் லூச்சியானோ பவரோட்டி. 1990 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது பிபிசி தொலைக்காட்சி பவரோட்டியின் குரலில் அந்தப் பாட்டைத் தன் அடையாள இசையாக்கியது. ஓப்பரா என்ற சொல்லையே அறியாதவர்களும் அதை முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

சீனாவோ நெடுங்காலம் இந்த நாடகத்தை விலக்கியே வைத்திருந்தது. சீனர்களைக் கொடியவர்களாகக் காட்டுகிறது என்ற மனக்குறை அதற்கு ஒரு காரணம். 1998இல் அந்தக் கதவும் திறந்தது. பெய்ஜிங்கின் பழைய அரண்மனை வளாகத்தை அடுத்த மூதாதையர் கோயில் முன்றிலில், திரைப்பட இயக்குநர் சாங் யிமூ நெறியாள்கையில், அதே சுபின் மேத்தாவின் இசை நடத்துதலில் துரன்டோட் மேடையேறினாள். இசைப்பெட்டியில் ஏறி இத்தாலி போன மல்லிகைப் பாட்டு, பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்தது.

மனம் ஒப்பாத முடிவு

ஏதாவது ஒரு மெட்டைப் போட்டு முடித்திருக்கலாம். புச்சினியின் கைத்திறமைக்கு அது ஒரு வார வேலை. அவர் பெயருக்காகவே ரசிகர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் தமக்கே நம்பிக்கை வராத ஒரு மகிழ்ச்சியை மற்றவர்களை நம்பச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நோய் வந்து கதவைத் தட்டும்வரை அவர் காத்திருந்தது சோம்பலால் அன்று, நேர்மையால்.

மூன்று விடுகதைகளையும் கலாஃப் அவிழ்த்துவிட்டான். நான்காவது விடுகதையை லியூ விட்டுச் சென்றாள். அதற்கு விடை தெரியாமல்தான் 1926ஆம் ஆண்டு அந்த இரவில் ஒரு மேதையின் நண்பர் கோலைக் கீழே வைத்தார். விடை தெரியாத இடத்தில் நிறுத்துவதும் ஒரு மரியாதைதான் என்று அன்று லா ஸ்காலாவில் இருந்தவர்கள் உணர்ந்திருப்பார்கள்.